பேட்மிண்டன் கோர்ட்டில் பிக்கிள்பால்

பிக்கிள்பால் என்பது மட்டையால் துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடும் ஆட்டம். குடியிருப்பில் பேட்மிண்டன் கோர்ட் இருந்தால் அதற்குப் பாதி வேலை முடிந்தது. இரண்டுக்கும் வெளிக்கோட்டளவு ஒன்றே, 44 அடிக்கு 20 அடி. வலையை ஓரங்களில் 36 அங்குலத்துக்கு இறக்கி, நடுவில் பட்டையால் 34 அங்குலத்துக்கு இழுத்துக் கட்டுங்கள்.

பலரும் சறுக்குவது ‘கிச்சன்’ கோட்டில்தான். கிச்சன் என்பது வலையை ஒட்டிய பகுதி, அதற்குள் நின்று பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாது. பேட்மிண்டனின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடி. இங்கே 7 அடி வேண்டும். அரையடிதானே என்று விட்டால், கிச்சனுக்குள் நின்று பந்தைத் தரையில் படாமல் அடித்தாரா என்ற சண்டை ஓயாது. வேறு நிற டேப்பால் புதுக்கோடு போடுங்கள்.

திறந்தவெளிக்கு 40 துளைப் பந்து. 26 துளைப் பந்து காற்றில் அலைபாயும்.

கூட்டம் அதிகமா? மட்டைகளை வரிசையில் வையுங்கள். 11 புள்ளி முடிந்ததும் நால்வரும் இறங்க, அடுத்த நான்கு மட்டைக்காரர்கள் ஏறட்டும். பந்துச் சத்தம் ‘டொக் டொக்’கென்று வீடுவரை கேட்கும், நேரத்தை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.