எழுத்துப் பயிற்சியாளராகத் தொடங்குவது எப்படி?

எழுதுகிற நண்பர்கள் தங்கள் வரைவைக் கொடுத்து "படிச்சுட்டுச் சொல்லு" என்று கேட்கிறார்களா? நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு மறுபடி எழுத உட்காருகிறார்களா? இரண்டாவது கேள்விக்கும் ஆம் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். நன்றாக எழுதுகிறவர் எல்லோருக்கும் இது வராது.

படி 1: எது உங்கள் வேலை இல்லை?

மெய்ப்புப் பார்ப்பவர் பிழை திருத்துவார். எடிட்டர் பிரதியைச் செம்மையாக்குவார். பயிற்சியாளரின் கவனம் எழுதுகிற ஆளின் மேல். ராய் பீட்டர் கிளார்க் 1977இல் அமெரிக்காவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் நாளிதழில் எழுத்துப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பிரதியைத் திருத்த நாளிதழ்களில் எப்போதும் ஆட்கள் உண்டு. நிருபரோடு உட்கார்ந்து அவர் எப்படி எழுதுகிறார் என்று பேசத்தான் தனியாக ஒருவர் தேவைப்பட்டார்.

படி 2: ஒரு வகையைப் பிடியுங்கள்

சிறுகதை, நாவல், கட்டுரை, தன்வரலாறு என்று நீங்கள் நிறையப் படித்த, ஓரளவாவது எழுதிய வகை ஒன்று போதும். ஆய்வேடு எழுதும் மாணவர் வந்தால், வெளியாள் எவ்வளவு உதவலாம் என்பதற்குப் பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 3: திருத்தாமல் கேட்கப் பழகுங்கள்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள்:

"மிகுந்த சோகத்துடன் அவன் கதவைத் திறந்தான்."

கை பரபரக்கும். "சோகத்துடன்" என்பதை அடித்துவிட்டு நீங்களே ஒரு நல்ல வரியை எழுதிவிடலாம். வரி தேறும். எழுதியவர் அடுத்த பக்கத்தில் "மிகுந்த கோபத்துடன்" என்று எழுதியிருப்பார்.

அதற்குப் பதில் கேளுங்கள்: "அந்த நேரத்தில் அவன் கை என்ன செய்தது?" அவர் யோசித்து, "சாவியைத் திருப்பிட்டு அப்படியே நின்னிருப்பான், உள்ளே யாரும் இல்லைன்னு தெரியும்ல" என்பார். "சரி, அதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். நடுவில் புகுந்து உதவாதீர்கள்.

ஒரு சந்திப்புக்கு இரண்டு மூன்று விஷயங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். பக்கம் முழுக்கச் சிவப்புக் குறிப்பு பார்த்தவர் அடுத்த வாரம் எழுதாமலே வருவார், அல்லது வரவே மாட்டார்.

படி 4: நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் சொல்லுங்கள்

80,000 சொற்கள் உள்ள நாவலை நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில் படித்தால் 400 நிமிடம், அதாவது ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குறிப்பெடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு மட்டும் பணம் வாங்கினால் படித்ததெல்லாம் இலவசம்தான். அதனால் ஒரு சந்திப்புக்கு இத்தனை பக்கம் என்று வரம்பு வைத்து, வாசிப்பையும் சேர்த்தே ஒரே தொகையாகச் சொல்லுங்கள்.

படி 5: எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். எத்தனை சந்திப்பு, பக்கங்களை எப்போதுக்குள் அனுப்ப வேண்டும், சந்திப்பை ரத்து செய்தால் என்ன, பணம் எப்போது என்பவை இருக்கட்டும். படைப்பின் உரிமை முழுக்க எழுதியவருக்கே, நீங்கள் அதை வேறு யாருக்கும் காட்ட மாட்டீர்கள் என்பதையும் சேருங்கள். "புத்தகமாக வந்துவிடும்" என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். பதிப்பாளரின் முடிவு உங்கள் கையில் இல்லை.

படி 6: முதல் ஆட்களைப் பிடிப்பது

எழுத்துப் பயிற்சிக்கென்று கட்டாய உரிமம் ஏதும் பொதுவாகக் கிடையாது. பொதுவான பயிற்சியாளர்களுக்குச் சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பு சான்றிதழ் தருகிறது, விருப்பமிருந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வருகிறவர் பெரும்பாலும் பார்ப்பது, நீங்கள் தன் பக்கத்தை எப்படிப் படிக்கிறீர்கள் என்பதைத்தான். ஆகவே ஐந்து பக்கத்துக்கு ஒரு இலவசச் சந்திப்பு கொடுங்கள். அதன் முடிவில் "இன்னைக்குப் போய் முதல்ல எதை மாத்துவீங்க?" என்று கேளுங்கள். அவர் தெளிவாகப் பதில் சொன்னால் கட்டணத்தைப் பற்றிப் பேச அதுவே சரியான நேரம். குழம்பினால், நீங்கள் அன்று சொன்னதில் பாதியைக் குறைத்துக்கொண்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.