மட்டக்களப்பு, அம்பாறை விவசாய விரிவாக்க வரலாற்றைப் பல்கலைக்கழக ஆவணங்களில் தேடும் முறை

கிழக்கிலங்கையில் எங்கள் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், நாற்று நடுகையைவிட வீசி விதைப்பதே இன்றும் மேலோங்கி நிற்பது ஏன் என்று கேட்டால் பெருங்காணிக்காரரான போடிமாரும் பதில் சொல்வார்கள், விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் அரச உத்தியோகத்தரான விவசாயப் போதனாசிரியரும் பதில் சொல்வார். ஆனால் விவசாயத் திணைக்களம் நெடுங்காலம் பரிந்துரைத்த நடுகை இங்கே எடுபடாமல் போன விதத்தை ஆண்டு வரிசையில் அறிய விரும்புபவர் ஆவணங்களிடம்தான் போக வேண்டும். விவசாயிகளுக்கு ஆலோசனையும் பயிற்சியும் கொண்டுசெல்லும் பணியே விவசாய விரிவாக்கம்; அதன் வரலாற்றைத் தேடும் படிகளை இதே கேள்வியை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன்.

படி 1: உத்தியோகத்தர் யாருடைய ஆள் என்று கேளுங்கள்

ஆவணம் எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. விவசாயிக்கு ஆலோசனை சொன்னவர் அந்த ஆண்டில் எந்த நிறுவனத்தின் கீழ் இருந்தாரோ, அந்த நிறுவனத்தின் கோப்பிலேயே அவருடைய அறிக்கை இருக்கும். ஆகவே ஒரு தாளில் காலக்கோடு ஒன்றை வரையுங்கள். 1912இல் விவசாயத் திணைக்களம் உருவானது. கல்லோயா ஆற்று நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்துக்காக 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை தனி நிர்வாகமாக இயங்கியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. அதற்கு முந்திய அக்கரைப்பற்று, சம்மாந்துறைச் செய்திகளை மட்டக்களப்பின் கீழ் தேட வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் விரிவாக்கப் பணி மாகாண நிர்வாகத்துக்கும், மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசனப் பகுதிகளைக் கவனிக்கும் மத்திய திணைக்களத்துக்குமாகப் பிரிந்தது. கே.வீ.எஸ். என்று அழைக்கப்பட்ட கிராம மட்ட விரிவாக்க ஊழியர்கள் 1990ஐ ஒட்டிப் பொது நிர்வாகத்தைக் கவனிக்கும் கிராம உத்தியோகத்தர்களாக்கப்பட்டதால், கிராமத்தோடு மிக நெருங்கிய பதிவுகளின் தொடர்ச்சி அங்கே அறுந்தது. என் கணிப்பில் இந்த வரலாற்றின் பெரிய இடைவெளி இதுதான்.

படி 2: வந்தாறுமூலையில் தொடங்குங்கள்

1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை நிறுவனத்தில் விவசாய பீடம் உண்டு. நூலகத்தில் அனுமதி பெற்று விவசாய மாணவர்களின் ஆய்வேடுகளைக் கேளுங்கள். அதற்கு முந்திய காலத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தையே நாட வேண்டியிருக்கும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எண்ணிம (டிஜிட்டல்) ஆவணக் களஞ்சியத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஆய்வேட்டைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். முன்னுரைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பின்னிணைப்பில் உள்ள வினாக்கொத்தும் அட்டவணைகளுமே விவசாயியிடம் உண்மையில் என்ன கேட்கப்பட்டது என்பதைக் காட்டும். "நீங்கள் ஏன் நடுகையைப் பின்பற்றவில்லை?" என்று கேட்கும் வினாக்கொத்து, நடுகையே சரியானது என்ற முடிவோடு தயாரிக்கப்பட்டது என்பதை அதன் சொற்களே வெளிப்படுத்திவிடும். கூலியாள் தட்டுப்பாடு, காணியின் பரப்பு, மாரி மழையை நம்பிய பெரும்போக விதைப்பு ஆகிய காரணங்கள் அங்கே இடம்பெறுகின்றனவா அல்லது 'அறியாமை' என்ற ஒரே கட்டத்துக்குள் அடக்கப்பட்டுள்ளனவா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: தேடுசொற்களில் பழைய பெயர்களைச் சேருங்கள்

உறுகாமம் ஆங்கிலப் பதிவுகளில் 'றூகம்' என்றே வரும். ஊர்ப் பெயரால் கிடைக்காதது பற்று என்ற பழைய நிர்வாகப் பிரிவின் பெயராலோ குளத்தின் பெயராலோ கிடைக்கலாம். நெல்லினத்தின் பெயரும் நல்ல தேடுசொல்லே; 1958இல் வெளியிடப்பட்ட எச்-4 என்ற நெல்லினம் தொடர்பான பதிவுகள் பசளை, விதை நெல், நடுகை ஆகிய மூன்றுக்கும் வழி காட்டும்.

படி 4: கல்லோயாவில் நின்றுவிடாதீர்கள்

1980களின் முற்பகுதியில் கல்லோயா இடதுகரையில் அமெரிக்காவின் கொர்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் விவசாயிகள் அமைப்புகளை உருவாக்கும் பணியில் இணைந்தன. அது நீர் முகாமைத்துவத் திட்டமே எனினும், உத்தியோகத்தருக்கும் விவசாயிக்கும் இடையிலான உறவு எப்படி மாறியது என்பதை அறிய அதைவிட விரிவான எழுத்துப் பதிவு எங்கள் பக்கத்தில் அரிது. ஆயினும் வெளிநாட்டு நிதி வந்த இடத்தில் கடதாசியும் பெருகும். கடதாசி குறைவாக உள்ள, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் மானாவாரிக் காணிகளில் விரிவாக்கமே நடக்கவில்லை என்று அதைக் கொண்டு முடிவுகட்டக் கூடாது. அந்த இடைவெளிக்கு ஓய்வுபெற்ற போதனாசிரியர்களையும் வயல் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானைமாரையும் நேரில் சந்தித்து, ஆவணத்தில் கண்ட ஆண்டைச் சொல்லி, அந்தப் போகத்தில் என்ன விதைத்தார்கள் என்று கேளுங்கள்.

படி 5: குறிப்பெடுத்தல்

ஒவ்வொரு குறிப்புக்கும் கோப்பு எண், பக்கம், திகதி, எழுதியவரின் பதவி ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். படம் எடுக்க நூலகரின் அனுமதி தேவை. நிரப்பப்பட்ட வினாக்கொத்துகளில் விவசாயிகளின் பெயரும் கடன் விவரமும் இருந்தால் அவற்றைப் பிரதி செய்யாமல், ஊரையும் காணியின் பரப்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.