பேட்டைப் படிப்பகத்தை மின்னூலகமாக்கும் முறை

வட சென்னையில் ஒரு படிப்பகத்தையோ மன்றத்து நூலகத்தையோ மின்னூலகமாக்க முன்வரும் இளைஞர்கள், கணினிக்கும் ஸ்கேனருக்கும் எவ்வளவு ஆகும் என்ற கணக்கிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். முதல் ஒரு மாதத்துக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. அந்த மாதம் முழுவதும் அலமாரியைத் தட்டுத் தட்டாக இறக்கி, இங்கே இருப்பவற்றுள் வேறெங்கும் கிடைக்காதவை எவை என்று பிரித்தெடுப்பதில் கழிய வேண்டும். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த கிளை நூலகங்களுக்கு நூலக வரியும் பணியாளர்களும் உண்டு. சங்கங்களும் மன்றங்களும் நடத்தும் படிப்பகங்களுக்கு அந்த வசதி இல்லை. கையில் இருக்கும் சிறிதளவு நேரத்தையும் பணத்தையும் சரியான புத்தகத்தின் மேல் செலவிட்டால்தான் வேலை நிலைக்கும்.

திருக்குறள் உரைகளையும் பெயர் பெற்ற நாவல்களையும் நாம் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்திலும், இன்டர்நெட் ஆர்க்கைவிலும், இலங்கைத் தமிழ் வெளியீடுகள் என்றால் நூலகம் நிறுவனத்தின் தளத்திலும் முதலில் தேடிப் பார்த்துவிட வேண்டும். சங்க இலக்கியம் போன்றவற்றை மதுரைத் திட்டத்துத் தன்னார்வலர்கள் 1998 முதலே எழுத்து வடிவில் ஏற்றி வருகிறார்கள். நம் அலமாரியில் தேட வேண்டியவை வேறு. தொழிற்சங்க ஆண்டறிக்கைகள், வேலைநிறுத்தத் துண்டறிக்கைகள், கால்பந்துக் குழுக்களின் ஆண்டுவிழா மலர்கள், குத்துச்சண்டைப் போட்டி நோட்டீசுகள், மன்றங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகள், பழைய சென்னையின் குஜிலிச் சந்தைக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் ஆகியவையே அவை. பெரம்பூர், புளியந்தோப்பு வட்டார ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்ட மண் இது. இங்கே அச்சான எட்டுப் பக்க வெளியீடுகளைப் பெரிய நூலகங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. சேர்த்து வைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளராக இருப்பார், அவர் காலத்துக்குப் பின் அந்தக் கட்டு படிப்பகத்துக்கு வந்திருக்கும் அல்லது பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

பட்டியலிடுதல்

ஸ்கேன் செய்வதைவிடக் கடினமானதும் அதைவிடப் பயனுள்ளதும் பட்டியல்தான் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மூவாயிரம் தலைப்புகள் வரை சாதாரண எக்செல் தாளே போதுமானது. அதற்கு மேல் போனால் நியூசிலாந்தின் ஒரு சிறு நூலக அறக்கட்டளைக்காக உருவாகி, இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் கோஹா மென்பொருளுக்கோ, தேசியத் தகவலியல் மையத்தின் ஈ-கிரந்தாலயாவுக்கோ மாறிக்கொள்ளலாம். தாளில் கட்டங்களைச் சரியாக அமைத்திருந்தால் மாறும்போது பழைய உழைப்பு வீணாகாது.

கட்டங்களை அமைக்கும்போது ஒரு விதியை விடாமல் பின்பற்ற வேண்டும்: அச்சில் இருப்பது ஒரு கட்டத்திலும், நாம் முடிவு செய்தது அடுத்த கட்டத்திலும் இருக்க வேண்டும். ஆசிரியர் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஒரு நூலில் திரு.வி.க. என்றும், இன்னொன்றில் திரு.வி. கலியாணசுந்தரனார் என்றும், பழைய வெளியீட்டில் கல்யாணசுந்தர முதலியார் என்றும் அச்சாகியிருக்கும். மூன்றையும் அப்படியே பதிந்து, பக்கத்துக் கட்டத்தில் மூன்றுக்கும் ஒரே வடிவத்தை எழுதினால்தான் தேடுபவருக்கு மூன்று நூல்களும் ஒன்றாகக் கிடைக்கும். சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அந்த விதியை நாம் நிறைவேற்றும் இடம் இந்தக் கட்டம்தான்.

ஆண்டைப் பதிவதிலும் இதே கவனம் தேவை. முகப்பில் ‘துன்மதி வருடம்’ என்று மட்டும் இருந்தால் அது 1861-62 ஆகவும் இருக்கலாம், 1921-22 ஆகவும் இருக்கலாம், 1981-82 ஆகவும் இருக்கலாம்; தாளின் தன்மை, எழுத்துரு, விலை அணாவில் இருக்கிறதா பைசாவில் இருக்கிறதா என்பவற்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31-ஐக் கழித்துக்கொள்ளலாம். எப்படியானாலும் அச்சில் உள்ளதை அழித்துவிட்டு நம் கணக்கை மட்டும் எழுதக் கூடாது, ஏனென்றால் நம் கணக்கு தவறாக இருக்கக்கூடும். அச்சகத்தின் பெயரையும் தெருவையும் விடாமல் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கசாலையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் எந்தக் கதவிலக்கத்தில் எந்த அச்சகம் இருந்தது என்பதை நாளை ஆராய்பவருக்கு இந்த ஒரு வரிதான் கிடைக்கும்.

தட்டச்சு முழுவதும் யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் முன்பே தட்டி வைத்த பட்டியல் இருந்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகளால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றிய பின் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். யூனிகோடிலும் ஒரு பிழை கண்ணில் படாமல் நுழைந்துவிடும். கௌரி என்று எழுத வேண்டிய இடத்தில், கொம்பையும் ள என்ற எழுத்தையும் தனித்தனியாகத் தட்டி ‘கெளரி’ என்று எழுதிவிடுவார்கள். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். தேடும்போது ஒன்று மற்றதைக் காட்டாது. எங்கள் பட்டியலில் ‘மெளன’ என்று தொடங்கிய தலைப்புகள் இந்தக் காரணத்தால் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தன. பட்டியல் முடிந்ததும் கெள, மெள, செள, யெள என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்திவிட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஸ்கேன் எடுத்தல்

பழைய நூல்களை வெளியில் கொடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டாம். நாங்கள் தொடக்கத்தில் அப்படி ஒரு பைண்டு வால்யூமைக் கடையில் கொடுத்தோம். வேலை விரைவாக முடிய வேண்டும் என்று அவர்கள் முதுகை வெட்டும் இயந்திரத்தில் வைத்து அறுத்துவிட்டார்கள். உள் ஓரத்தில் பழைய வாசகர் ஒருவர் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகளும் அந்த வெட்டில் போயின. அச்சிட்ட பக்கம் இன்னொரு படியில் கிடைக்கலாம், அந்தக் குறிப்புகள் இனிக் கிடைக்கப் போவதில்லை.

இயந்திரம் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஏ5 அளவுப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுக்க ஏறக்குறைய 43 லட்சம் படப்புள்ளிகள் போதும். 12 மெகாபிக்சல் கேமரா உள்ள கைப்பேசியே அதற்கு மேல் தரும். மேசைக்குச் செங்குத்தாகக் கைப்பேசியைப் பிடித்து நிற்கும் ஒரு தாங்கியும், இருபுறமும் சாய்வாக வைத்த இரண்டு எல்.இ.டி. விளக்குகளும், பக்கத்தைச் சமப்படுத்த விளிம்பு தேய்த்த ஒரு கண்ணாடித் துண்டும் இருந்தால் வேலை நடக்கும். தாளின் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் அடியில் கறுப்புத் தாளைச் செருக வேண்டும். நூலை 180 பாகைக்கு விரித்து அழுத்தினால் தையல் விட்டுவிடும். பாதியளவு திறந்து ஒரு பக்கத்தைத் தலையணை போன்ற துணிச் சுருளில் சாய்த்து, வலப்பக்கங்களை எல்லாம் முடித்த பிறகு நூலைத் திருப்பி இடப்பக்கங்களை எடுப்பதே பாதுகாப்பானது. ‘பளிச்’ என்று ஆக்கித் தரும் செயலிகளைப் பயன்படுத்தக் கூடாது. அவை பழுப்பை நீக்கும்போது புள்ளிகளையும் சேர்த்து நீக்கிவிடுகின்றன, தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் துண்டறிக்கைகளுக்குப் பெரிய எதிரி அவற்றைக் கோத்திருக்கும் கம்பிதான். உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, தாளைப் பழுப்பு வட்டமாகத் தின்றுகொண்டே இருக்கும். முன்பக்கமிருந்து இழுத்தால் தாள் கிழியும். வெளியீட்டை நடுவில் விரித்து வைத்து, நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் மெல்லிய எவர்சில்வர் அளவுகோலின் நுனியால் நெம்பி நிமிர்த்திய பிறகே, மறுபுறமிருந்து நேராக உருவ வேண்டும். துரு பொடிந்து கால் முறிந்தால் குறட்டால் துண்டுகளைத் தனித்தனியே எடுக்க வேண்டும். மீண்டும் கம்பி போடாமல் வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி வைக்கலாம்.

படங்களின் பெயரில் பதிவு எண்ணும் பக்க எண்ணும் மட்டும் போதும். முதல் படத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் நூலின் உண்மையான அளவு என்றும் தெரியும். பாதுகாப்புப் படியை டிஃப் வடிவிலும், படிப்பதற்கான படியை பி.டி.எஃப். வடிவிலும் வைத்துக்கொள்வது வழக்கம். 300 புள்ளியில் எடுத்த ஏ5 பக்கத்தின் வண்ண டிஃப் சுமார் 13 எம்.பி. வரும், எட்டுப் பக்க வெளியீடுகள் 500 என்றாலும் 52 ஜி.பி.தான், சட்டைப் பையில் அடங்கும் வன்வட்டில் இடம் மிஞ்சும்.

படத்தில் உள்ள அச்சைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரியைப் பற்றி அதிக நம்பிக்கை வேண்டாம். டெசராக்ட் மென்பொருளும் கூகுள் டிரைவும் தமிழை வாசிக்கின்றன. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தும்பிக்கை வைத்த லை, ளை, னை, ணை ஆகியவையும் சுழித்த ணா, றா, னாவும் வருவதால் அங்கே பிழைகள் குவியும். ரகரத்தையும் துணைக்காலையும் அவை மாற்றிப் படிப்பதும் உண்டு. தேடலுக்கு மட்டும் அந்த வரைவை வைத்துக்கொண்டு, மெய்ப்புப் பார்க்க ஆள் கிடைக்கும் நூல்களைத் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றலாம்; அங்கே பக்கத்தின் படத்தை அருகில் வைத்தபடியே திருத்தும் வசதி இருக்கிறது.

உரிமையும் காப்பும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1965-இல் மறைந்தவரின் நூல்கள் 2026 தொடக்கத்தில் பொதுவுடைமையாகிவிட்டன. பெயர் குறிப்பிடாத வெளியீடுகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளை யாரும் வெளியிடலாம். உரிமை இன்னும் முடியாத நூலையும், அச்சுப் படி நம்மிடம் இருக்கும்பட்சத்தில் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்க, வணிக நோக்கமில்லாத பொது நூலகத்துக்கு 2012 திருத்தம் இடம் கொடுக்கிறது. சேமிப்பது வேறு, இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவது வேறு. சந்தேகம் இருந்தால் ஆசிரியரின் பிள்ளைகளைத் தேடிப் போய்க் கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். இதே பேட்டையில் இரண்டு தெரு தள்ளி அவர்கள் இருப்பார்கள், கேட்டதற்காக மகிழவும் செய்வார்கள்.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்பது நம் சுவர்களுக்குத் தெரியும். புத்தகம் இருக்கும் அலமாரியிலேயே வன்வட்டையும் வைத்தால் இரண்டும் ஒன்றாக நனையும். ஒரு படி படிப்பகத்திலும், ஒரு படி வேறு பகுதியில் மாடியில் குடியிருக்கும் உறுப்பினர் வீட்டிலும், ஒரு படி இணையச் சேமிப்பிலும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்பாக, மூன்றையும் திறந்து கோப்புகள் படிக்க வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வாசகர்

இவ்வளவும் செய்து முடித்த படிப்பகத்துக்குள் இப்போது யார் வருகிறார்கள் என்பதைக் கவனித்தே மற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். காலையில் நாளிதழ் படிக்கப் பெரியவர்கள் வருவார்கள். பிறகு நாள் முழுவதும் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் அவர்களுக்குத் தேவைப்படுபவை மேசை, மின்விசிறி, சார்ஜ் போடும் இடம், நிலையான வைஃபை ஆகியவை. கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இந்தத் தேவையைப் பெரிய அளவில் உணர்ந்து கட்டப்பட்டது. சிறு படிப்பகம் நான்கு மேசைகளோடும் அதைச் செய்ய முடியும். வாரத்தில் இரண்டு மாலைகளை இணைய விண்ணப்பங்களுக்கு உதவ ஒதுக்கலாம். அப்போது உலாவியை விருந்தினர் முறையில் திறக்க வேண்டும். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் வந்தவரே தட்ட வேண்டும், நாம் கேட்கவும் கூடாது, குறித்து வைக்கவும் கூடாது.

பெரியவர்களுக்கு ஒரு டேப்லட்டில் பழைய வெளியீடுகளை ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம். எங்கள் அனுபவத்தில் அவர்கள் அதிகம் நின்று பார்ப்பது ஆண்டுவிழா மலர்களில் வரும் குழுப் புகைப்படங்களைத்தான். ஆகையால் அத்தகைய படங்களை ஏ4 தாளில் அச்சிட்டு, மேலே எண்ணெய்த்தாள் ஒட்டி, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு நாளிதழ் மேசையில் வைத்துவிட வேண்டும். ‘மூன்றாவது ஆள் எங்கள் பெரியப்பா, கோல்கீப்பர்’ என்று யாராவது சொல்வார். உயிரோடு இருப்பவர் என்றால் இணையத்தில் போடலாமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெயரையும், சொன்னவர் யார் என்பதையும், சொன்ன நாளையும் பட்டியலின் குறிப்புக் கட்டத்தில் அன்று மாலையே ஏற்றிவிட வேண்டும்.