சின்ன ஸ்லீப்பர் ட்ரக்கில் ஏபியு பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சரக்கு ட்ரக் ஓட்டுபவர் 11 மணி நேரம் ஓட்டிவிட்டால், மறுபடி ஸ்டியரிங்கைத் தொடும் முன் 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அந்த ஓய்வு பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னால் உள்ள ஸ்லீப்பர் என்ற படுக்கை அறையில்தான். டெக்சாஸ் கோடையிலும் மினசோட்டா குளிரிலும் அதற்குள் தூங்க, பலர் இரவு முழுவதும் பெரிய இன்ஜினை ஓட விடுகிறார்கள். மணிக்குச் சுமார் 0.8 கேலன், அதாவது மூன்று லிட்டர் டீசல் போகிறது. அதற்கு மாற்றுதான் ஏபியு: இன்ஜினை நிறுத்திய பிறகும் ஸ்லீப்பருக்கு ஏசியும் சூடும் மின்சாரமும் தரும் துணைக் கருவி. நீளமான ட்ரக்கில் இதைப் பொருத்துவது எளிது. 36 அல்லது 48 அங்குல ஸ்லீப்பரும் குட்டையான சேசிஸும் உள்ள ட்ரக்கில்தான் பணமும் தூக்கமும் வீணாகின்றன.

முதல் தவறு, கருவியை வாங்கிவிட்டு இடம் தேடுவது. தேவை என்ன என்று கணக்குப் போடாமல் யாரோ வைத்திருக்கிறார் என்று டீசல் ஏபியுவை வாங்குகிறார்கள். அது ஒரு சின்ன டீசல் இன்ஜின், எடை 400 பவுண்டுக்கு மேல். குளிருக்காக மட்டும் இது வேண்டும் என்றால் வாங்கவே தேவையில்லை. வெபாஸ்டோ, எஸ்பார் போன்ற டீசல் ஹீட்டர் ஒன்று படுக்கைக்கு அடியில் அடங்கிவிடும். மணிக்கு அரை லிட்டர் டீசல்கூட ஆகாது, மின்சாரமும் மிகக் குறைவு. என் பார்வையில், இடமில்லாத ட்ரக்குக்கு முதலில் பொருத்த வேண்டியது இதுதான். அப்புறம் கேள்வி ஏசி பற்றி மட்டும்தான்.

டீசல் ஏபியு இல்லாமல் ஏசிக்குப் பேட்டரி போதுமா என்பதில் பலர் விளம்பரத்தை நம்புகிறார்கள். 12 வோல்ட் ஸ்லீப்பர் ஏசி, கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய 40 முதல் 60 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி கொண்ட நான்கு ஏஜிஎம் (மூடப்பட்ட ஈய-அமில) பேட்டரிகள் என்றால் மொத்தம் 400. தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் அவற்றின் ஆயுள் வேகமாகக் குறையும், ஆகவே கையில் இருப்பது 200தான். கம்ப்ரசர் நிற்காமல் 50 ஆம்பியர் இழுத்தால் நான்கு மணி நேரம். பாதி நேரம் மட்டும் ஓடினால் எட்டு மணி நேரம். இதில் ஃப்ரிட்ஜும், மூச்சுக்கான சிபேப் கருவியும் சேர வேண்டும். இன்வெர்ட்டர் வழியாக 1,500 வாட் இழுக்கும் மைக்ரோவேவைப் பத்து நிமிடம் ஓட்டினால் 20 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். இந்தக் கணக்கைப் போட்டவர் ஐந்தாவது பேட்டரிக்கு இடம் தேடும் முன் தேவையைக் குறைக்கப் பார்ப்பார். நிறுத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்லீப்பரைக் குளிர வைப்பது, முன்பக்கக் கண்ணாடிகளுக்கு வெப்பத் தடுப்பு விரிப்பு, ஸ்லீப்பருக்குக் கனமான திரை. இவை மூன்றுக்கும் சேசிஸில் ஒரு அங்குலம்கூட வேண்டாம்.

எடுத்ததைத் திருப்பி ஏற்ற வேண்டும் என்பதும் மறந்துபோகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் வழக்கமான ஆல்டர்னேட்டர் இந்த வேலைக்கு அமைந்தது இல்லை. காலியான பேட்டரிகள் இழுக்கும் மின்னோட்டத்தில் அது சூடேறிப் பழுதாகும். அதிகத் திறன் கொண்ட ஆல்டர்னேட்டரும், ஸ்டார்ட் செய்யும் பேட்டரிகளை ஏசி பேட்டரிகளிலிருந்து பிரித்து வைக்கும் கருவியும் அவசியம். பிரிக்காவிட்டால் காலையில் இன்ஜின் சுழலாது. எடையும் இடமும் மிச்சம் என்று லித்தியம் பேட்டரிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் அந்தப் பேட்டரி கெடும். உள்ளேயே ஹீட்டர் உள்ளதை வாங்குங்கள், சார்ஜ் ஏற்றும் வேலையைத் தனி டிசி சார்ஜரிடம் விடுங்கள். பழைய பேட்டரியோடு புதியதைக் கலந்து இணைப்பதும் வேண்டாம். பழையது புதியதையும் கீழே இழுத்துவிடும்.

இப்போது இடம். இன்றைய ட்ரக்கின் பக்கவாட்டில் டீசல் டேங்க், டெஃப் (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) டேங்க், புகை வடிகட்டிகள், காற்று டேங்குகள், பேட்டரிப் பெட்டி என எல்லாமே நெருக்கியடித்து நிற்கின்றன. மிச்சமிருக்கும் இடைவெளியை ட்ரக் சமதளத்தில் தனியாக நிற்கும்போது அளப்பதுதான் பெரிய தவறு. ட்ரெய்லரை மாட்டி, ஐந்தாம் சக்கரத்தை (ட்ரெய்லரை ட்ரக்கோடு இணைக்கும் தட்டு) முன்கோடி வரை தள்ளி வைத்து, முழுதாக மடக்கித் திருப்பிப் பாருங்கள். ட்ரெய்லரின் முன்மூலை கேபினின் பின்சுவரை எவ்வளவு நெருங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். சஸ்பென்ஷன் காற்றை இறக்கிவிட்டு, தரைக்கும் பொருத்தப்போகும் பெட்டிக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். ட்ரெய்லர் மாட்டும்போது பலர் அந்தக் காற்றை இறக்குவார்கள், அப்போது தாழ்வாகத் தொங்கும் பெட்டி அடிபடும். காற்றுக் குழாய் இணைக்க ஏறி நிற்கும் பலகையையும் அடைத்துவிடாதீர்கள். மழையில் வழுக்கி விழுவது ஓட்டுநர்தான்.

பிரேமில் கண்ட இடத்தில் துளை போடும் கடைகள் இருக்கின்றன. பிரேமின் மேல், கீழ் மடிப்புகளில் துளை போடவே கூடாது. வெப்பப் பதம் செய்த பிரேமில் வெல்டிங்கும் கூடாது, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ட்ரக்கில் கூடுதல் பாகம் பொருத்துபவர்களுக்காகத் தயாரிப்பாளர் தரும் பாடி பில்டர் கையேட்டில் எங்கே, எந்த இடைவெளியில் துளை போடலாம் என்று இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் வேலையைத் தொடங்கும் கடையிலிருந்து ட்ரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

டீசல் ஏபியுதான் என்று முடிவானால், புகைக்குழாயை எங்கே விடுவது என்பதில் எந்தச் சமரசமும் வேண்டாம். இடமில்லை என்று ஸ்லீப்பருக்கு அடியிலேயே முடித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு மேலே ஏறும். தூங்குபவருக்கு வாசனையே தெரியாது. எந்த அமைப்பாக இருந்தாலும், டீசல் ஹீட்டர் மட்டுமே என்றாலும், ஸ்லீப்பருக்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும். டீசல் எடுக்கும் குழாயை மெயின் இன்ஜின் குழாயில் கிளை பிரித்து இணைக்காமல், டேங்கில் தனியாக, இன்ஜின் குழாயைவிடச் சற்று உயரத்தில் முடியும்படி இறக்க வேண்டும். ஏபியு எவ்வளவு ஓடினாலும் இன்ஜினுக்கு டீசல் மிஞ்சும்.

சட்டமும் ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் 2007 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் இன்ஜின் உள்ள ட்ரக்கில் டீசல் ஏபியு ஓட்ட, அதற்குத் தனித் துகள் வடிகட்டி வேண்டும், இல்லையென்றால் அதன் புகை ட்ரக்கின் வடிகட்டி வழியாகப் போக வேண்டும். அந்த வடிகட்டிக்கும் இடம் வேண்டும். சரக்கோடு சேர்ந்த மொத்த எடையில் 80,000 பவுண்டு வரம்புக்கு மேல் ஏபியுவுக்காக 550 பவுண்டு வரை சலுகை தர, 2012 முதல் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களை அனுமதிக்கிறது. கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே போகும் மாநிலங்களைப் பார்த்துக்கொண்டு, கருவியின் எடைச் சான்றைக் கேபினில் வைத்திருங்கள். டொராண்டோவிலிருந்து எல்லை தாண்டி ஓட்டும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும்.

கடைசியாக வயரிங். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைப் பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள், கேபிளைத் தடிமனாகப் போடுங்கள், பேட்டரி முனைக்கு ஒட்டியே ஃப்யூஸ் இருக்கட்டும். புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும்போது அங்கே 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அதன் பக்கம் கேபிளோ ரப்பர் குழாயோ போகக்கூடாது. வேலை முடிந்ததும் ஃப்யூஸ்கள் இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் கடையிடம் எழுதி வாங்குங்கள். சரக்கு ஏற்றும் முன், கடைக்குப் பக்கத்திலேயே ஓர் இரவு முழுக்க எல்லாவற்றையும் ஓட்டித் தூங்கிப் பாருங்கள். பழுது இருந்தால் மறுநாள் காலை அங்கேயே சரிசெய்துவிடலாம்.