படுத்த படுக்கையானவரின் கட்டில்: கூட இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதத்திலோ இடுப்பெலும்பு முறிந்தோ படுத்துவிட்டவரை வார்டில் கவனிப்பதும், டிஸ்சார்ஜ் ஆனபின் வாடகைக்குக் கட்டில் எடுத்து வீட்டில் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் குடும்பத்தார்தான். மாத்திரை ஒரு வேளை தவறினால் பதறுகிற அவர்கள், படுக்கையை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. படுக்கைப் புண், கீழே விழுவது, தொற்று இவை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

விரிப்பு மாற்றுவதை வெறும் துணி மாற்றும் வேலையாக நினைப்பதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. அவரை ஒருக்களித்துத் திருப்பும் அந்தச் சில நிமிடங்களில்தான் முதுகுப்புறம் கண்ணில் படும். இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, முழங்கை, பின்மண்டை என எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண்ணின் முதல் கட்டம் வந்துவிட்டது. அன்றே சிஸ்டரிடம் சொல்லுங்கள். நம்முடைய நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. அதனால் அந்த இடம் மட்டும் கருத்திருக்கிறதா, சூடாக அல்லது கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும்.

அப்படி ஓர் இடத்தைக் கண்டால் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் உள்ளே ஏற்கெனவே நைந்த தசை இன்னும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வேண்டாம். அது சுற்றிலும் அழுத்தி நடுப்பகுதிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும்.

ஏர் பெட் வாங்கிப் போட்டாயிற்று, இனித் திருப்ப வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. எத்தனை மணிக்கு ஒருமுறை என்று சிஸ்டரிடமே கேளுங்கள்; வழக்கமாகச் சொல்வது இரண்டு மணி நேரம். ஏர் பெட்டின் மேல் கனத்த போர்வை, ரப்பர் ஷீட், மடித்த வேட்டி என்று அடுக்கினால் போட்ட காசு வீண். ஒற்றை விரிப்பு போதும், சுருக்கம் இல்லாமல். சோற்றுப் பருக்கை, இட்லித் துணுக்கு, ஊசி மூடி எது கிடந்தாலும் உணர்ச்சி குறைந்த உடம்புக்குத் தெரியாது, தோல் மட்டும் கிழியும். சாதாரண மெத்தையில் ரப்பர் ஷீட் அவசியமானால் அதன் மேல் கட்டாயம் பருத்தித் துணி இருக்க வேண்டும். வெறும் ரப்பரில் படுத்தால் வியர்வையிலேயே தோல் ஊறிவிடும்.

தலைமாட்டை உயர்த்தினால் அவர் மெல்லச் சறுக்கிக் கால்மாட்டுக்குப் போய்விடுவார். உடனே அக்குளில் கைகொடுத்து இழுப்பார்கள். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் மேலே நகரும். இடையிலுள்ள சிறு ரத்தக்குழாய்கள் கசங்கும். பக்கவாதம் வந்த கையானால் தோள்மூட்டே நழுவலாம். கட்டிலைத் தட்டையாக்கி, முதுகிலிருந்து தொடை வரை குறுக்காகப் போட்ட துணியை இரண்டு பேர் இரு பக்கமும் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்துங்கள். மூக்குக் குழாயில் உணவு போய்க்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். தட்டையாகப் படுத்திருக்கையில் உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

ஆளை இறக்காமல் விரிப்பு மாற்ற: அவரைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ள ஒருவர். மறுபக்கம் நிற்பவர் அழுக்கு விரிப்பை உள்பக்கமாகச் சுருட்டி முதுகை ஒட்டி வைத்து, புதியதைப் பாதி விரித்து மீதியைச் சுருட்டி அதன் அருகே வைக்க வேண்டும். பிறகு அந்தச் சுருட்டலைத் தாண்டி மெதுவாக இந்தப் பக்கம் திருப்பி, பழையதை உருவி, புதியதை இழுத்து மெத்தைக்கடியில் செருகலாம். உருவியதை உதறாதீர்கள், கிருமி காற்றில் பரவும். தரையில் போடாமல் நேரே பக்கெட்டிலோ பையிலோ போடுங்கள். கால் பக்கம் போர்வையை இறுகச் செருகுவதும் தவறு. பாதம் கீழ்நோக்கி மடங்கியபடியே கிடக்கும்.

கட்டிலின் சக்கர பிரேக்கைக் காலால் அழுத்திப் பார்த்த பிறகே அவரைத் தொடுங்கள். வேலை முடிந்ததும் கட்டிலைத் தாழ்த்திவிடுங்கள். பக்கவாட்டுக் கம்பி போட்டிருக்கிறதே என்று நம்பி, குழப்பத்தில் இருப்பவரைத் தனியே விட்டுப் போகாதீர்கள். கம்பியைத் தாண்ட முயன்று விழுந்தால் அடி இன்னும் பலமாக இருக்கும். இரவில் விழுபவர்களில் பலர் பாத்ரூமுக்குப் போக எழுந்தவர்களே. தூங்குமுன் ஒருமுறை கூட்டிப் போய்வாருங்கள், சிறு விளக்கு எரியட்டும், செருப்பும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

யூரின் பையை, ஏற்றி இறக்கும் பக்கவாட்டுக் கம்பியில் மாட்டாமல் கட்டில் சட்டத்தில், இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். அறையைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆக்சிஜன் ஓடும் அறையில் ஊதுபத்தி, கற்பூரம், கொசுவர்த்தி எதுவும் கூடாது. சாமி விளக்கை வேறு அறையில் ஏற்றுங்கள்.