பாலாற்று மணலில் 'பாறை' கண்டுபிடிப்பவர்களுக்கு

சுத்தியலால் தட்டி, ஜியோபோனில் (நில அதிர்வை உணரும் கருவி) அலையைப் பிடித்து, மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வேலைக்கு வேலூர்ப் பக்கம் புதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கருவிகள் நன்றாக வந்துவிட்டன. சாயங்காலத்துக்குள் லேப்டாப் வண்ணப்படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. தவறுகள் மட்டும் எங்கள் காலத்துத் தவறுகளேதான். சார்ஜ் இல்லாத பேட்டரி, தலைகீழாக மாட்டிய கேபிள் எல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரைப் பாறை என்று எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வருகிறது.

காட்பாடி பக்கம், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு மனை. ஒரு குழு வந்து ஜியோபோன்களைக் கோடாக நட்டு ரிஃப்ராக்‌ஷன் எடுத்தது, அதாவது அடியில் உள்ள வேகமான அடுக்கில் விலகி ஓடித் திரும்பி வரும் அலையின் நேரத்தை அளந்தது. "மேலே அலை வேகம் வினாடிக்கு 400 மீட்டர், நான்கு மீட்டருக்குக் கீழே 1,600, ஆகவே சிதைந்த பாறை" என்று அறிக்கை. அதை நம்பி அஸ்திவாரத்துக்கு விலை பேசி முடித்துவிட்டார்கள். துளை போட்டால் எட்டு மீட்டர் போயும் மணல்தான். போர் வண்டிக்காரர் ஈர மணலை ஒரு கை அள்ளிக் காட்டி, "சார், இதுவா உங்க பாறை?" என்றார். டிசைனை முதலிலிருந்து போட்டார்கள். செலவு மனைக்காரர் தலையில்.

அவர்கள் அளந்தது பி அலை, மண்ணை அமுக்கி, விரித்துப் போகிற அலை. காய்ந்த மணலில் துகள்களுக்கு நடுவே காற்று இருப்பதால் வேகம் 300, 500 என்றுதான் இருக்கும். அதே மணலில் தண்ணீர் முழுக்க நிறைந்துவிட்டால் வேகம் ஒரேயடியாக 1,500-க்கு ஏறிவிடும். சிதைந்த பாறையின் வேகமும் அந்த வட்டாரத்தில்தான். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எது எதுவென்று சொல்லவே முடியாது. ஆறு காய்ந்து கிடப்பதைப் பார்த்து அடியிலும் ஈரம் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்த ஊர் இது. யாராவது ஒரு பாட்டியைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

அதனால் முதலில், பக்கத்துக் கிணற்றில் டேப்பை இறக்கி நீர்மட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் 'பாறை' அதே ஆழத்தில் வந்தால் சந்தேகப்படுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அதன் பிறகு கரையோரத்தில் அதே கோட்டை மறுபடி எடுத்திருந்தால் இந்தப் 'பாறை' மேலே ஏறி வந்திருக்கும். பாறை ஏறாது.

அடுத்து, மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துப் போகிற எஸ் அலையைப் பாருங்கள். தண்ணீர் எஸ் அலையைக் கடத்தாது. ஆகவே மணல் நனைந்தாலும் எஸ் வேகம் 200, 250 என்று அங்கேயே கிடக்கும். சிதைந்த பாறை என்றால் பெரும்பாலும் அதைப் போல இரண்டு மடங்காவது இருக்கும். 1999-இல் அமெரிக்காவின் கேன்சஸ் புவியியல் ஆய்வகத்தில் பார்க், மில்லர், சியா ஆகியோர் எழுதிய எம்ஏஎஸ்டபிள்யூ (பல தட மேற்பரப்பு அலை ஆய்வு) முறை, தரையை ஒட்டி வரும் மேற்பரப்பு அலையிலிருந்தே இந்த வேகத்தைக் கணக்கிட்டுத் தருகிறது. அதே சுத்தியல், அதே கோடு போதும். தாழ்ந்த அதிர்வெண்ணையும் பிடிக்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் வையுங்கள், பதிவை ஒரு வினாடியாவது ஓட விடுங்கள். காட்பாடிக் குழு கால் வினாடியில் பதிவை நிறுத்தியிருந்தது. 46 மீட்டர் கோட்டில் வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் வரும் அலை கடைசி ஜியோபோனைத் தொடவே அதற்கு மேல் ஆகும். பிறகு கேட்டால் "டேட்டா இல்லை சார்" என்கிறார்கள்.

ஒரு முனையில் மட்டும் தட்டுவது

கோட்டின் இரு முனையிலும் தட்டுங்கள், நடுவிலும். இல்லையென்றால் பாறையின் சரிவு தெரியாது.

உருண்டைக் கல்லைத் தாய்ப்பாறை என்பது

நம் குன்றுகளைப் பார்த்தாலே புரியும். கிரானைட் சிதையும்போது உருண்டைகளை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது. அவை மண்ணுக்குள்ளும் புதைந்து கிடக்கின்றன. குறுக்கே ஒரு கோடாவது போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜிபிஆரில் (தரைக்குள் பார்க்கும் ரேடார்) வேகத்தைத் தொடாமல் விடுவது

ரேடார் அலை காய்ந்த மணலில் நானோவினாடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் போகும், நனைந்த மணலில் 6. கருவியில் 10 என்று இருப்பதை அப்படியே விட்டால், நனைந்த மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக் குழாய் 1.7 மீட்டரில் இருப்பதாகக் காட்டும். பொக்லைன்காரர் அதை நம்பித் தோண்டுவார். ஆழம் தெரிந்த குழாய் ஒன்றின் மேல் முதலில் ஓட்டிச் சரிபாருங்கள்.

தோல் ஷெட் கழிவுநீர் ஊறிய மண்ணில் ஜிபிஆர்

வேண்டாம். உப்பு அலையைத் தின்றுவிடும்.

லாரியைத் திட்டுவது

பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் வேலை என்றால் லாரி அதிர்வு பதிவில் கலக்கத்தான் செய்யும்; ஒரே இடத்தில் 16 தடவை தட்டி, பதிவுகளை ஒன்றாகக் கூட்டுங்கள். இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் நான்கு மடங்காகும். ஆழம் வேண்டுமானால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பதிவை ஓட விடுங்கள். லாரி தரும் தாழ்ந்த அதிர்வெண் அலை சுத்தியலால் வராது. கோட்டைச் சாலைக்கு இணையாகப் போடுங்கள். அலை கோட்டுக்குப் பக்கவாட்டில் வந்தால் வேகம் கூடுதலாகக் காட்டும். இடம் இருந்தால் ஜியோபோன்களை வட்டமாக வைப்பது இன்னும் நல்லது.