நீல-வெள்ளைச் சாடியில் மலையையும் மனிதரையும் பார்க்கும் முறை

சீனத்து நீல-வெள்ளைப் பீங்கான் சாடியைப் பார்த்தவுடன் கண் மனிதர்களிடம்தான் போகும். அதைச் சற்று அடக்கி, முதலில் பாறை, மேகம், புல் ஆகியவற்றைப் பாருங்கள். சாடியின் ஓவியத்துக்குச் சட்டமில்லை. அது சுற்றிவந்து தன் தொடக்கத்தையே தொடுவதால், காட்சியைப் பிரித்துக் காட்ட வரைந்தவர் பல சமயம் ஒரு செங்குத்துப் பாறையையோ சுருண்டெழும் மேகத்தையோ இடையில் வைத்திருப்பார். அதைத் தேடிக் கண்டபின் அங்கிருந்து சாடியைச் சுற்றி வாருங்கள். கையில் எடுக்க வாய்த்தால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் அடியையும் மறு கையால் வயிற்றையும் தாங்குங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

மனிதர்களை அவர்கள் கையிலுள்ள பொருளைக் கொண்டு அறியலாம். தூண்டில் பிடித்தவர் மீனவர், காவுதடியில் விறகு சுமப்பவர் விறகுவெட்டி. இவ்விருவரோடு உழவரும் ஏடு படிப்பவரும் சேர்ந்து வருவது சீன மரபில் நெடுங்காலம் பழகிய கரு. நரம்பிசைக் கருவியைச் சுமந்து சிறுவன் ஒருவன் பின்தொடர்ந்தால், முன்னே செல்பவர் பெரும்பாலும் நண்பரைக் காணப் புறப்பட்ட அறிஞர். சில இடங்களில் நிலமே கதையைச் சொல்லும். 2005இல் லண்டனில் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் ஏலம் போன, சீனத்தை யுவான் அரசமரபு ஆண்ட காலத்துச் சாடியில், சிறைப்பட்ட மாணவனை மீட்கக் குய்குட்சி என்னும் முனிவர் புலியும் சிறுத்தையும் இழுக்கும் வண்டியில் மலையிலிருந்து இறங்கி வருகிறார்; அந்தப் பாறைகளையும் மரங்களையும் நீக்கிவிட்டால் அவர் தம் தவவாழ்வை விட்டு வருகிறார் என்பதே நமக்கு விளங்காது.

இனித் தூரிகையைப் பாருங்கள். சுடாத மண் கோபால்ட் சாயத்தை உடனே உறிஞ்சிவிடுவதால் போட்ட கோட்டை அழித்துத் திருத்த வழியில்லை. அதன்மேல் சூட்டில் கண்ணாடிபோல் உருகும் மெருகு பூசி ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் சுட்ட பிறகே நீலம் மலரும். 1620இல் வான்லி பேரரசர் இறந்தபின் அரண்மனைத் தேவை குறைய, பீங்கான் செய்யும் ஊரான ஜிங்டெஜெனின் ஓவியர்கள் சந்தைக்காக வரைந்தவற்றில்தான் மனிதரும் நிலமும் மிக அழகாகக் கலந்தன என்பது என் எண்ணம். அவற்றில் வரைந்த தரையில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற சிறு புல் கீற்றுகளைக் காணலாம். காங்ஷி பேரரசர் காலத்தில் (1662–1722) ஒரே நீலத்தைப் பல செறிவுகளில் கரைத்து, அருகிலுள்ள பாறையை அடர்த்தியாகவும் தொலைமலையை வெளிறியதாகவும் தீட்டினர்.

கடைசியாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாடியின் வயிற்றைப் பாருங்கள். பெரிய சாடிகளைப் பகுதி பகுதியாக வனைந்து ஒட்டுவதால் அங்கே மெல்லிய மேடு ஒன்று தென்படக்கூடும். முனிவரின் அங்கி மடிப்பு அதைக் கடக்கும்போது கோடு நடுங்குகிறதா என்று கவனியுங்கள்.